படத்தில் யாருக்கு இடம்?



சென்ற ஆண்டு எமது அம்மம்மா ஊரில் காலமானார். தொண்ணூறைத் தாண்டிய வயது. பேரப்பிள்ளைகளாகிய நாம் நான்கு நாடுகளில் இருந்தபடி தொலைபேசியில் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிடும் பொறுப்பு எம்மிடம் வந்தது. தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி எல்லாம் ஒரு கிழமைக்குள் ஒழுங்காகிவிட்டன. முதற் பக்கத்துக்கு உரிய படந்தான் கிடைக்கவில்லை. அம்மம்மா தனியாக நின்று எடுத்த படம் என்று ஒன்றே இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்தது இருந்தது. அதிலிருப்பவரை அம்மம்மா என்று ஏற்றுக்கொள்ள எவருக்கும் மனம் வரவில்லை. மற்றப் படங்களில் எல்லாம் அவர் ஓரத்திலோ, பின்வரிசையிலோ, குசினி வாசலிலோதான் நின்றார்.

கடைசியில் ஒரு படம் அகப்பட்டது. 1994 இல் எமது சின்னம்மாவின் கல்யாண வீட்டில் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். படச்சுருளை எண்ணி எண்ணிச் செலவழித்த படப்பிடிப்பாளர், "எல்லாரும் ஒன்றாய் வாங்கோ, இனிப் படம் இல்லை" என்று கூப்பிட்டது இன்றும் காதில் நிற்கிறது. இருபத்துமூன்று பேர் ஒரே விறாந்தையில். நடுவே மாப்பிள்ளை பெண்பிள்ளை. ஒரு பக்கம் சாத்தி வைத்த இரண்டு சைக்கிள்கள், வளையில் தொங்கும் பெற்றோல்மக்ஸ், அடுக்கிய மடக்குக் கதிரைகள், கவிழ்த்து வைத்த அண்டா, யாரோ கழற்றிப் போட்ட செருப்புகள். பதினான்கு வயதில் நாமும் அதில் நிற்கிறோம்: ஒரு காதும் அரைச் சட்டையும் மட்டும். மீதி படத்துக்கு வெளியே. வலப்பக்கத்தில், குசினி வாசலில் அம்மம்மா. முகம் சற்றுத் திரும்பியிருக்கிறது. சிரிக்கிறார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது, அரிசிப் பையினுள் வைத்துக் கொண்டுவந்த அல்பத்தில் தப்பிய படம் அது. ஒரு மூலையில் ஈரம் பட்டு நிறம் போயிருக்கிறது.

இங்கே பிறந்து வளர்ந்த மருமகன் ஒருவர் உதவிக்கு வந்தார். படத்தைத் தமது கைத்தொலைபேசிக்கு மாற்றினார். விரலால் இங்கொன்று அங்கொன்றாகத் தொட்டார். நாம் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் இருபத்திரண்டு பேரும் சைக்கிளும் கதிரையும் அண்டாவும் போய்விட்டன. "இப்ப வடிவாய் இருக்கு, மாமா. முந்தி ஒரே குழப்பம்" என்றார். உண்மையிலேயே துப்புரவாகத்தான் இருந்தது. வெள்ளைச் சுவர், நடுவே அம்மம்மா. ஆனால் ஏதோ ஒன்று நெஞ்சில் இடறியது. சற்று நேரம் பார்த்த பின்தான் விளங்கியது. அவருடைய வலக்கை அந்தரத்தில் நின்றது. முந்திய படத்தில் அந்தக் கை ஒரு சிறுவனின் தோளில் இருந்தது. அவர் சிரித்ததும் அவனைப் பார்த்துத்தான். சிறுவன் போனபின் கைக்கும் வேலையில்லை, சிரிப்புக்கும் காரணமில்லை.

அன்றிரவு எழுந்த கேள்வியைத்தான் இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நெருக்கடியான ஒரு காட்சியில் இசைவு எப்படி வருகிறது? வேண்டாததை அகற்றுவதாலா, இருப்பவற்றுக்கெல்லாம் இடம் கண்டுபிடிப்பதாலா? வேண்டாதது எது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? படமெடுப்பவருக்கு மட்டும் உரிய கேள்வி இது என்று எமக்குத் தோன்றவில்லை.

முதலில், குழப்பம் என்று நாம் சொல்வது எதனை? அந்தக் கல்யாண வீட்டில் நின்றபோது எமக்கு எதுவும் குழப்பமாகத் தெரியவில்லை. சின்னம்மாவைப் பார்த்தபோது சைக்கிள் தெரியவில்லை. பந்தி தொடங்கியபின் அண்டா மட்டுமே தெரிந்தது. மனிதக் கண் தனக்கு வேண்டியதை எடுத்து, மற்றதை ஒதுக்கி வைக்கும். கமெராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மணப்பெண்ணின் கூறைச் சேலையையும் மூலையில் கிடக்கும் தும்புத்தடியையும் அது ஒரே மரியாதையுடன் பதிந்து வைக்கும். ஆகவே படத்தைக் கையில் எடுத்ததும் திகைக்கிறோம். "இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது?" என்கிறோம். எல்லாம் அங்கேயேதான் இருந்தன. நாம்தான் பார்க்கவில்லை. குழப்பத்தில் ஒரு பங்கு பொருள்களில் இருக்கலாம். மறு பங்கு, பார்க்காமல் விட்ட எம்மிடம் இருக்கிறது.

பொருள்கள் கூடினால் குழப்பம் வந்தே தீரும் என்பதும் சரியல்ல. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்பது நிலைகள், ஏறத்தாழ 170 அடி உயரம், ஆயிரத்துக்கு மேற்பட்ட சுதைச் சிற்பங்கள். ஒரு சாண் வெற்றிடம் காண்பது அரிது. ஆயினும் வாசலில் நின்று நிமிர்ந்து பார்க்கும் எவரும் "ஒரே நெருக்கடி" என்று முகம் சுளிப்பதில்லை. காரணம் தெளிவானது. ஒவ்வொரு நிலையின் நடுவிலும் ஒரு திறப்பு, அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோட்டில் ஏறுகின்றன. இடப்பக்கத்துக்கு வலப்பக்கம் ஈடு கொடுக்கிறது. கீழ்நிலையின் வடிவமே மேல்நிலையில் சற்றுச் சிறுத்துத் திரும்ப வருகிறது. அந்த ஒழுங்குக்குள் துவாரபாலகருக்கும் இடமுண்டு, யாளிக்கும் இடமுண்டு, மூலையில் குந்தியிருக்கும் பூதத்துக்கும் இடமுண்டு. எவரையும் வெளியே அனுப்பாமலே அங்கு அமைதி கிடைக்கிறது.

கோபுரம் சிற்பி திட்டமிட்டுக் கட்டியது, வீதியில் நடமாடும் சனங்களை அப்படி நிறுத்த முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீற்றர் புறூகல் என்ற ஓவியர் 1560 இல் தீட்டிய 'சிறுவர் விளையாட்டுக்கள்' என்ற படம் வியன்னா நூதனசாலையில் இருக்கிறது. ஓர் ஊர்ச் சதுக்கம் முழுவதும் இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள். வளையம் உருட்டுகிறார்கள், பச்சைக்குதிரை பாய்கிறார்கள், தலைகீழாக நிற்கிறார்கள். கதாநாயகன் என்று யாருமில்லை. இருந்தும் படம் சிதறவில்லை. ஓவியர் தாம் பார்க்கும் இடத்தை உயரத்தில் வைத்துக்கொண்டார். மேலிருந்து பார்க்கும்போது ஒரு கூட்டத்துக்கும் மறு கூட்டத்துக்கும் இடையே சிறிது வெறுந்தரை தெரிகிறது. அந்தச் சிறு இடைவெளி போதும். ஒவ்வொரு பிள்ளையின் விளையாட்டும் தெளிவாகிவிடுகிறது. அவர் எந்தப் பிள்ளையையும் குறைக்கவில்லை. தாம் நிற்கும் இடத்தை மாற்றினார்.

புகைப்படக் கலையில் இதே வழியில் சென்றவர் ரகுபீர் சிங். 1942 இல் ஜெய்ப்பூரில் பிறந்து, 1999 இல் நியூயோர்க்கில் காலமானவர். கறுப்பு வெள்ளைதான் கலை என்று பலர் கருதிய காலத்தில் வண்ணத்திலேயே வேலை செய்தவர். இந்திய வீதிகளின் சனக்கூட்டத்தையும் விளம்பரப் பலகைகளையும் மாடுகளையும் கைவண்டிகளையும் அவர் இடைஞ்சலாக எண்ணவில்லை. 1991 இல் ஹௌராவில் நடைபாதைக் கண்ணாடிக் கடை ஒன்றைப் படமெடுத்தார். விற்பனைக்கு வைத்த முகம் பார்க்கும் கண்ணாடிகள் வீதியைத் துண்டு துண்டாகக் காட்டுகின்றன. ஒவ்வொரு கண்ணாடியின் சட்டமும் ஒரு சிறு படம். வீதியின் இரைச்சல் முழுவதும் அதில் இருக்கிறது, ஆனால் அறை அறையாகப் பிரிந்து இருக்கிறது. அவர் மறைந்தபின் 2002 இல் வெளிவந்த நூலில் அம்பாசிடர் கார் ஒன்றே அந்த வேலையைச் செய்கிறது. காரின் கதவும் முன்கண்ணாடியும் வெளிக்காட்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கின்றன. ஐந்தொகையைக் கட்டம் போட்டு எழுதும் எம்மைப் போன்றோருக்கு இந்த முறை உடனே பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை.

இனி, தொழில் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நாட்டுக்கு வந்த முதல் ஆண்டுகளில் உணவகமொன்றில் கோப்பை கழுவி, பின்னர் பரீட்சைகள் எழுதிக் கணக்காளர் ஆனோம். எமது தொழிலின் ஆதிநூல் என்று சொல்லத்தக்கது, லூக்கா பச்சியோலி என்ற இத்தாலியத் துறவி 1494 இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூல். வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை அதில்தான் அவர் விளக்கி எழுதினார். அதே துறவி 1509 இல் வடிவங்களின் விகிதம் பற்றி வெளியிட்ட மற்றொரு நூலுக்குப் படங்கள் வரைந்து கொடுத்தவர் லியனார்டோ டாவின்சி. கணக்கின் சமநிலையும் காட்சியின் சமநிலையும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன.

கணக்கில் சமநிலை வரும் விதம் எமக்குத் தெரியும். பரீட்சை மீதி ஒத்துவராவிட்டால் இடைஞ்சலான ஒரு பதிவை அழித்துவிட்டு "சரி வந்துவிட்டது" என்று சொல்ல முடியாது. அதற்குப் பெயர் மோசடி. அந்தப் பதிவு எங்கே போகவேண்டும் என்று தேடவேண்டும். உடனே தெரியாவிட்டால் தொங்கற் கணக்கில் வைத்து, தெரியும்வரை பொறுத்திருக்கவேண்டும். அனுபவமுள்ள கணக்காய்வாளர்கள் அடித்தல் திருத்தல் உள்ள ஏட்டைக் கண்டு பயப்படுவதில்லை. ஒரு கீறலும் இல்லாத ஏட்டைக் கண்டால்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவும் சொன்னபின் எதிர்வாதத்தையும் கேட்பதுதான் முறை. எல்லாவற்றையும் படத்தில் அடக்க முடியுமா? முடியாது. கமெராவுக்கு நான்கு பக்கம் உண்டு. ஒருவரை உள்ளே எடுத்தால் இன்னொருவர் வெளியே நிற்பார். எமது மற்றக் காதைக் கேட்டால் அது சொல்லும்! நல்ல படப்பிடிப்பாளர் ஒவ்வொரு கணமும் எதையோ விடுகிறார். ஹென்றி கார்ட்டியே பிறெஸோன் தமது படங்களைப் பிறகு வெட்டுவதற்கு இணங்காதவர் என்று பெயர் பெற்றவர். அவர்கூட 1932 இல் பரிஸ் புகையிரத நிலையமொன்றின் பின்புறத்தில், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை வேலி இடுக்கால் எடுத்த படத்தில் ஓரத்தை வெட்டவேண்டி வந்தது. ஆகவே விடுவதே குற்றம் என்று நாம் வாதாடவில்லை.

ஆனால் விடுவதற்கும் அழிப்பதற்கும் வேறுபாடு உண்டு. எடுக்கும்போது விடுபவர், "நான் இங்கே நின்றேன், இவ்வளவுதான் கண்டேன்" என்று சொல்கிறார். எடுத்தபின் அழிப்பவர், "இவர் அங்கே இருக்கவே இல்லை" என்று சொல்கிறார். முதலாவது எல்லை, இரண்டாவது பொய்ச்சாட்சி. இதன் கொடிய வடிவத்தைச் சரித்திரம் கண்டிருக்கிறது. 1937 இல் மொஸ்கோ கால்வாய் ஓரத்தில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற படத்தில் இரகசியப் பொலிஸ் தலைவர் யெசோவ் இருந்தார். 1940 இல் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. படத்திலிருந்தும் அவரை அகற்றினார்கள். அவர் நின்ற இடத்தில் கால்வாயின் தண்ணீர் தெரிகிறது. யெசோவ் நல்லவர் அல்லர், இலட்சக்கணக்கானோரின் சாவுக்குப் பொறுப்பானவர். ஆனாலும் அவர் அங்கே நின்றது உண்மை. உண்மைக்கு ஆளின் தராதரம் தேவையில்லை. அன்று ஓர் அரசாங்கம் தேர்ந்த கைவேலைக்காரரைக் கொண்டு செய்வித்ததை இன்று ஒரு பிள்ளை விரலால் செய்துவிடுகிறது. கெட்ட எண்ணம் ஏதுமின்றி, வடிவுக்காகச் செய்கிறது. அதனால்தான் பேசவேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. படத்தில் இருக்க விரும்பாதவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருந்த காலத்தில், ஊரில் உள்ளவர்களுக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சிக் கமெராவைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியவர்களில் நாமும் ஒருவர். அப்படிப்பட்டவரை விட்டுவிடுவதே மரியாதை. இங்கே தீர்மானிக்கும் உரிமை நிற்பவருக்கு உரியது, எடுப்பவருக்கு அல்ல. இடம் கொடுப்பது என்றால் பிடித்து இழுத்து நிறுத்துவதல்ல.

அப்படியானால் கமெராவைக் கையில் எடுப்பவர் என்ன செய்யலாம்? தேர்த்திருவிழாவை எடுத்துக்கொள்வோம். தேர், வடம், காவடி, குடை, கற்பூரச் சட்டி, தண்ணீர்ப் பந்தல், போக்குவரத்துப் பொலிஸ், இந்நாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகைகள் எல்லாம் ஒரே வீதியில். இதைவிட நெருக்கடியான காட்சி கிடைக்காது. அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். படத்தின் நடுவைப் பார்ப்பதற்கு முன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பாருங்கள். பாதித் தலையும் பாதிக் கையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். யாருடைய தலையிலாவது விளக்குக் கம்பம் முளைத்திருந்தால் கம்பத்தைப் பிடுங்க முடியாது; நீங்கள் ஓரடி விலகுங்கள். படிக்கட்டு ஏதும் இருந்தால் நான்கு படி ஏறுங்கள்; புறூகல் கண்ட வெறுந்தரை உங்களுக்கும் தெரியும். ஒரு நிறம் எங்கெங்கே திரும்ப வருகிறது என்று தேடுங்கள். குடையின் சிவப்பு, ஒரு சேலையின் கரையிலும் ஒரு குழந்தையின் பொட்டிலும் இருந்தால் அந்த மூன்றும் படத்தைக் கட்டிவைக்கும். தேர்வடத்தைப் பாருங்கள். நூறு பேர் நூறு விதமாக நின்றாலும் எல்லாக் கைகளும் ஒரே கயிற்றில் இருக்கின்றன. அது பார்ப்பவர் கண்ணையும் இழுத்துக்கொண்டுபோய்த் தேரில் விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சற்றுப் பொறுங்கள். கூட்டம் தானே அசைந்து ஒரு கணம் ஒழுங்குக்கு வரும். சுவாமிக்கு முன்னால் கமெராவுடன் நின்று பின்னால் நிற்பவரின் தரிசனத்தை மறைக்காமல் பொறுத்தால் புண்ணியமும் சேரும்.

இவற்றுள் ஒன்றிலாவது பிறரை அகற்றும்படி சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். விலகுவதும் ஏறுவதும் பொறுப்பதும் படமெடுப்பவரின் வேலை. குடும்பத்திலும் சங்கத்திலும் "இவர் இல்லாவிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும்" என்று எம்மில் பலர் சொல்வதுண்டு, நாமும் சொல்லியிருக்கிறோம். அந்த வேளையில் ஓரடி விலகி நின்று பார்த்தோமா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

மீண்டும் அம்மம்மாவின் படத்துக்கு வருவோம். அவருடைய கைக்குக் கீழே நின்ற சிறுவன் எமது பெரியம்மாவின் கடைசி மகன், எமக்குத் தம்பி முறை. அன்று அவனுக்கு ஏழு வயது. கல்யாணப் பலகாரத்தை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறான். 2009 மே மாதத்துக்குப் பின் அவனைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் போராட்டத்தில் அமர்ந்தபோது, பெரியம்மாவும் போனார். அவர் கையில் ஏந்தியிருந்தது அவனுடைய அடையாள அட்டைப் படத்தின் பெரிய பிரதி. சிரிக்காத முகம், பின்னால் வெறுமை. அவன் சிறுவனாக இருந்தபோது எடுத்த படம் தம்மிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று முன்பொருமுறை சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஒரு படத்திலிருந்துதான் அவனை நாம், வடிவுக்காக, ஒரு கோப்பைத் தேத்தண்ணி நேரத்தில் அகற்றியிருந்தோம்.

மருமகனிடம் இதைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொருவராகச் சுட்டி "இது யார், இது யார்?" என்று கேட்டார். இருபத்துமூன்று பெயர்களையும் சொல்லி முடிக்க இரவு பத்து மணியாகிவிட்டது. ஒன்பது பேர் இப்போது உயிருடன் இல்லை. ஒருவரின் பெயர் எமக்கே நினைவில்லை. அயலவர் என்று மட்டும் தெரியும். அவருக்கும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அவர் தொங்கற் கணக்கில் இருக்கட்டும்.

கல்வெட்டின் முதற் பக்கத்தில் முழுப் படத்தையும் அச்சிட்டோம், சைக்கிளும் அண்டாவும் உட்பட. கீழே ஒவ்வொருவரின் பெயரையும் வரிசையாகப் போட்டோம். அச்சகத்தார் இதைப் பார்த்துவிட்டு, "யாருடைய கல்வெட்டு என்று சனத்துக்கு விளங்குமோ?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். அடுத்த பக்கத்தில் அம்மம்மாவின் முகத்தைப் பெரிதாக்கிப் போட்டோம், ஆனால் அந்தக் கையும் அந்தத் தோளும் வரும்படி.

பெரியம்மாவுக்கு ஒரு பிரதி போய்ச் சேர்ந்த அன்று தொலைபேசி எடுத்தார். அழவில்லை. "அம்மாவும் பிள்ளையும் ஒன்றாய் நிக்கினம்" என்றார். பிறகு, "பின்னாலே தெரியிறது எங்கட அண்டா எல்லே?" என்று கேட்டார். ஓம் என்றோம்.

இந்த வருடத் திருவிழாவிலும் பலர் படமெடுப்பீர்கள். வீட்டுக்குப் போனபின், வடிவில்லை என்று எதையும் அழிப்பதற்கு முன் ஓரத்தில் நிற்பவர் யார் என்று ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் பெயரை எழுதி வையுங்கள்.